61.4 சதவீதத்தில் நின்ற கல்யாணம்

அக்காவின் கல்யாணம் 1997இல் நடந்தது. 2022இல் 25 வருஷம் நிறைவு. அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது அத்தான் ஒரு மஞ்சப்பையோடு வீட்டுக்கு வந்தார். பைக்குள் மூன்று டிவிடிகள். "மாப்ள, இத போன்ல பாக்குற மாதிரி மாத்திக் குடுத்துரு, பிள்ளைக பாக்கணும்ங்குதுக" என்றார். ஒரு ராத்திரி வேலை என்று நானும் வாயை விட்டுவிட்டேன்.

முதலில் எடுத்தது விஎச்எஸ் கேசட்டில். 2008இல் ஒரு ஸ்டுடியோக்காரர் அதை டிவிடிக்கு ஏற்றிக் கொடுத்திருக்கிறார். கேசட்டுகள் பூஞ்சை பிடித்து எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. ஆக, இந்த மூன்று டிவிடிதான் மிச்சம். பெண் அழைப்பு ஒன்று, முகூர்த்தமும் பந்தியும் ஒன்று, மறுவீடு ஒன்று. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், 4 ஜிபியை ஒட்டிய அளவு. 720க்கு 576 பிக்சல், நொடிக்கு 25 ஃபிரேம், எம்பெக்-2 என்ற வீடியோ வடிவம். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) டிவிடிக்கு வழக்கமான கணக்கு.

என்னிடம் இருப்பது 2013இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. வீடியோவை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் மென்பொருள் ஹேண்ட்பிரேக். இலவசம், திறந்த மூலம், 2003இலிருந்து இருக்கிறது, 1.0 என்ற எண்ணைத் தொடவே 2016 டிசம்பர் வரை எடுத்துக்கொண்ட நிதானமான திட்டம். 'ஃபாஸ்ட் 576பி 25' என்ற ஆயத்த அமைப்பை (பிரீசெட்) தேர்ந்தெடுத்து, தரத்துக்கு ஆர்எஃப் 20 வைத்து, இரண்டாவது டிவிடியிலிருந்தே ஆரம்பித்தேன். முகூர்த்தம்தானே முக்கியம்.

நொடிக்கு 85 ஃபிரேம் வேகத்தில் ஓடியது. அரை மணி நேரத்தில் முடியும் என்று அதுவே சொன்னது. நான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் 61.4 சதவீதம். கை கழுவி, கொஞ்ச நேரம் டிவி பார்த்துவிட்டு வந்தால் அப்போதும் 61.4.

அடுத்த நான்கு மணி நேரம் நான் செய்ததெல்லாம் தண்டம். ஹேண்ட்பிரேக்கை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். நின்றது. பழைய பதிப்பை இறக்கினேன். நின்றது. பிறகு 'இலவச கன்வெர்ட்டர்' என்று தேடிக் கிடைத்த ஒன்றைப் போட்டேன். அது முகூர்த்தத்தின் நடுவே தன் பெயரைப் பெரிதாக அச்சடித்தது, அப்புறம் அதுவும் நின்றது. எரிச்சலில் இரண்டாவதை வைத்துவிட்டு முதல் டிவிடியைப் போட்டேன். அது 12 சதவீதத்தில் நின்றது. மூன்றாவதைப் போட்டேன். அது நூறு வரை போய், நூறிலேயே உட்கார்ந்துகொண்டது.

"சாஃப்ட்வேர் ஹேங் ஆகுது" என்று அலுவலக நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன். அவன் கேட்ட ஒரே கேள்வி: "எங்க நிக்குது? ஒவ்வொரு தடவையும் அதே இடத்துலயா?" எனக்குத் தெரியவில்லை. குறித்து வைத்திருந்தால்தானே.

மறுநாள் ஒரு பழைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றையும் மறுபடி ஓடவிட்டேன். நிற்கும்போதெல்லாம் மூன்று விஷயம் எழுதினேன். எத்தனை சதவீதம், டாஸ்க் மேனேஜரில் சிபியு எவ்வளவு காட்டுகிறது, மவுஸ் அசைகிறதா. ஒரு நாள் முழுக்க ஓட்டியதில் டைரியில் கிடைத்தது இதுதான். இரண்டாவது டிவிடி மூன்று முறையும் 61.4இல் நின்றது, சிபியு 2 சதவீதம், மவுஸ் அசைந்தது. முதல் டிவிடி 71, 48, 33 என்று மனம்போன இடத்தில் நின்றது, மவுஸும் சேர்ந்து உறைந்துபோனது. மூன்றாவது எப்போதும் நூறில்தான், ஆனால் பென் டிரைவின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது.

மூன்றையும் நான் 'ஹேங்' என்ற ஒரே பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றும் வேறு வேறு நோய்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன், அது நோயே இல்லை. எம்பி4 கோப்பில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று உண்டு. படம் முழுவதையும் எழுதி முடித்த பிறகுதான் அது எழுதப்படும். 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால், கடைசியில் அந்த அட்டவணையைக் கோப்பின் தலைப்பக்கம் கொண்டுவர வேண்டும். அதற்காகக் கோப்பு முழுவதையும் நகர்த்தி எழுத வேண்டும். நான் டிக் போட்டிருந்தேன். போதாததற்கு, அத்தானுக்கு அப்படியே கொடுத்துவிடலாம் என்று நேராகப் பென் டிரைவிலேயே எழுதச் சொல்லியிருந்தேன். அதன் எழுதும் வேகம் நொடிக்கு 5 எம்பி. ஒன்றரை ஜிபி கோப்பைப் படித்து மறுபடி எழுத ஐந்து நிமிஷத்துக்கு மேல் கேட்கிறது. இரண்டு நிமிஷம் பொறுத்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் கழுத்தை நெரித்தவன் நான்தான். அட்டவணை இல்லாமல் செத்த கோப்பு எந்த பிளேயரிலும் திறக்கவில்லை.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில், எம்கேவி என்ற இன்னொரு வீடியோ கோப்பு வடிவில் எழுதச் சொன்னேன். எம்கேவியில் நடுவில் செத்தாலும் அதுவரை எழுதியது ஓடும். முடிந்த பிறகு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ கருவியில் 'காப்பி' முறையில் எம்பி4க்கு மாற்றினால் மறு என்கோடிங் (படத்தை மறுபடி சுருக்கி எழுதுவது) கிடையாது, தரம் குறையாது, ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இனி இரண்டாவது டிவிடி. இதில்தான் மூன்று நாள் போனது.

அதே இடத்தில் நிற்கிறது, சிபியு சும்மா இருக்கிறது என்றால் மென்பொருள் எதற்கோ காத்திருக்கிறது என்று அர்த்தம். என்கோடிங் ஓடும்போது பிராசஸரின் நான்கு கோரும் நூறைத் தொட வேண்டும். இரண்டு சதவீதம் என்றால் அதற்குச் சமைக்க அரிசி வரவில்லை. மொத்தம் 1 மணி 42 நிமிஷப் படம், 61.4 சதவீதம் என்றால் 1 மணி 2 நிமிஷத்தைத் தாண்டிய இடம். விஎல்சி பிளேயரில் போட்டு அந்த இடத்துக்குப் போனேன். பந்தி. பெரியப்பா இலையில் பாயசம் ஊற்றுகிறார்கள், அவர் "போதும்" என்று கையை நீட்டுகிறார், நீட்டிய கை அப்படியே நின்றது. டிவிடி டிரைவ் கர்... கர்... என்று இழுத்தது. காதை வைத்துக் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நான் ஃபேன் சத்தத்தில் கவனிக்கவில்லை. கணினியில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் பார்த்தால் 'சிடிராம்' என்ற பெயரில், எண் 7, 'பேட் பிளாக்' என்று வரிசையாக இருந்தது.

நடப்பது இதுதான். டிரைவால் ஒரு பகுதியைப் படிக்க முடியவில்லை. உடனே தோல்வியை ஒப்புக்கொள்ளாமல், வேகத்தைக் குறைத்து, லேசரை நகர்த்தி, திரும்பத் திரும்ப முயல்கிறது. விண்டோஸும் தன் பங்குக்கு மறுபடி கேட்கிறது. ஹேண்ட்பிரேக் பாவம், பதில் வரும் என்று உட்கார்ந்திருக்கிறது.

டிவிடியைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். வட்டமாக ஒரு கீறல், அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கில் கைரேகை. யாரோ பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே மாட்டியிருக்கிறார்கள். டூத் பேஸ்ட் போட்டுத் தேய் என்றான் நண்பன். பேஸ்ட்டில் இருக்கும் பொடி பிளாஸ்டிக்கை உரசி மெருகேற்றும் என்பது உண்மைதான். ஒரு பழைய பாட்டு சிடியில் சோதித்துப் பார்த்தேன், ஒரு கீறல் மங்கி, பத்து புது மயிர்க்கோடுகள் விழுந்தன. வேறு பிரதி இல்லாத டிவிடியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, தண்ணீர், நைந்த பழைய வேட்டித் துணி. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது, ஏனென்றால் தகவல் சுருளாக எழுதப்பட்டிருக்கிறது. சுருளை ஒட்டியே ஒரு கீறல் போட்டால் தொடர்ச்சியாக நிறையப் போய்விடும். குறுக்கே விழும் கீறலை டிவிடியின் பிழைதிருத்தம் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும்.

துடைத்த பிறகும் 61.4ஐத் தாண்டவில்லை. ஆனால் கர் சத்தம் குறைந்தது, அதையே பெரிய ஆறுதலாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்து செய்ததைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்: டிவிடியிலிருந்து நேரடியாக என்கோட் செய்வதை விட்டுவிட்டு, அதை முதலில் ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது டிவிடியின் முழு நகலாக, ஹார்ட் டிஸ்க்கில் எடுப்பது. விண்டோஸில் சாதாரணமாக காப்பி செய்தால் 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' என்று ஒரு பிழையைச் சொல்லி மொத்தத்தையும் கைவிட்டுவிடும். லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றில் கணினியைக் கிளப்பி, கெட்ட டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் குனூ டிடி-ரெஸ்க்யூவைப் பயன்படுத்தினேன். இதன் புத்திசாலித்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் சுற்றில் நல்ல இடங்களையெல்லாம் வேகமாக அள்ளிக்கொள்ளும், சண்டித்தனம் செய்யும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். எதை எடுத்தேன், எதை விட்டேன் என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைக்கும். அடுத்த சுற்றில் விட்ட இடத்துக்கு மட்டும் திரும்பி வரும். டிவிடிக்கு செக்டர் (ஒரு துண்டு தகவல்) அளவு 2048 பைட் என்று மட்டும் சொல்லிவிட வேண்டும்.

முதல் சுற்றில் 11 எம்பி கிடைக்கவில்லை. மூன்று முறை மறுமுயற்சி செய்யச் சொன்னேன். 2 எம்பி ஆனது. ராத்திரி முழுக்க விட்டும் அதற்குமேல் நகரவில்லை. அப்புறம் நண்பன் வீட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய டிவிடி டிரைவைக் கழற்றி வந்து மாட்டினேன். அதே வரைபடக் கோப்பு, அதே ஐஎஸ்ஓ. ஒரு டிரைவுக்குப் படிக்காதது இன்னொன்றுக்குப் படிக்கும். லேசரும் லென்ஸும் ஆளுக்கு ஆள் வேறு. இருபது நிமிஷத்தில் மிச்சம் 96 கேபி என்று வந்தது.

டிவிடியில் பிழைதிருத்தம் 16 செக்டர் கொண்ட கட்டங்களாக நடக்கிறது, அதாவது 32 கேபி. ஒரு கட்டம் போனால் முழுசாகப் போகும். 96 கேபி என்றால் சரியாக மூன்று கட்டம். இந்தப் படம் நொடிக்குச் சுமார் 700 கேபி ஓடுகிறது, அந்தக் கணக்கில் ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கைத்தான் இழந்திருக்கிறேன். ஆனால் எம்பெக்-2 படத்தில் ஒரு முழு ஃபிரேமும், அதைச் சார்ந்து பத்துப் பன்னிரண்டு அரைகுறை ஃபிரேம்களும் ஒரு கூட்டாக வரும். தாய் ஃபிரேம் கெட்டால் கூட்டமே கலங்கும். அதனால் கண்ணுக்குத் தெரிவது அரை நொடி. ஐஎஸ்ஓவை ஹேண்ட்பிரேக்கில் கொடுத்தேன். 61.3, 61.4, 61.5. லாகில் நாலைந்து பிழை வரிகளை எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டது. பெரியப்பாவின் கை ஒரு கணம் சதுரம் சதுரமாகக் கலைந்து, மறுபடி கையாகிறது. பாயசத்தை என்னவோ இலையில் ஊற்றிவிட்டார்கள்.

முதல் டிவிடிக்கு வருகிறேன். இதுவும் படிக்காத டிவிடியாக இருக்கும் என்று ஐஎஸ்ஓ எடுத்தேன். ஒரு பிழைகூட இல்லாமல் வந்தது. என்கோட் செய்தால் 48இல் நின்றது. மறுபடி, 19இல். மவுஸ் அசையவில்லை, விசைப்பலகையில் நம்லாக்கை அழுத்தினால் விளக்கு மாறவில்லை. நம்லாக் விளக்குகூட மாறாவிட்டால் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை, கணினியே விழுந்துவிட்டது. இரண்டாவது டிவிடி இதே கணினியில் ஓடியதே என்று கேட்டால், அதுவும் இடையில் ஒரு தடவை 80இல் உறைந்தது. அன்றைக்கு நான் அதையும் கீறல் கணக்கில் எழுதிவிட்டேன்.

ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருந்தது. இதைப் பார்த்ததும் பவர் சப்ளையை மாற்று என்று கிளம்பிவிடக் கூடாது. முறையாக ஷட்டவுன் ஆகாமல் கணினி மறுபடி கிளம்பினால் எழுதப்படும் வரி அது. ரீசெட் பட்டனை அழுத்தியது நான்தான்.

முதல் சந்தேகம் சூடு. மே மாதம், மதுரை, மொட்டை மாடிக்குக் கீழ் அறை. வெப்பம் காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் என்கோடிங் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் 94 டிகிரி. ஆகா, பிடித்துவிட்டேன் என்று பெட்டியைத் திறந்தேன். பிராசஸர் ஃபேனுக்குக் கீழே ஹீட்சிங்க் தெரியவே இல்லை, இலவம்பஞ்சு மெத்தை மாதிரி தூசி. பிளோயரால் ஊதி, காய்ந்துபோன பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புது தெர்மல் பேஸ்ட் வைத்தேன். 71 டிகிரிக்கு இறங்கியது. வேகம்கூட நொடிக்குப் பத்து ஃபிரேம் ஏறியது. வெற்றிக் களிப்பில் டீ போட்டுக்கொண்டு வந்தேன். 56இல் நின்றிருந்தது.

யோசித்தால் அது நியாயம்தான். இப்போதைய பிராசஸர்கள் சூடேறினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்லை மீறினால் பட்டென்று அணைந்துவிடும். மவுஸோடு சேர்ந்து சிலையாக நிற்பது அதன் சுபாவம் இல்லை. நான் சுத்தம் செய்ததில் தப்பில்லை, ஆனால் அது இந்தக் கேள்விக்கான விடை இல்லை.

அடுத்து ரேம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைக் கிளப்பினேன். முதல் சுற்று சுத்தம். தூங்கப் போய்விடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றின் நடுவில் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. இரண்டு 4 ஜிபி குச்சிகள் இருந்தன. ஒன்று கணினியோடு வந்தது, இன்னொன்று பின்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தனித்தனியாகப் போட்டுச் சோதித்தேன். பின்னால் வந்தவர்தான். நம் ஊர் வழக்கப்படி அதன் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, வேறு ஸ்லாட்டிலும் மாட்டிப் பார்த்தேன். மறுபடி சிவப்பு.

ஒரு வருஷமாக இந்தக் குச்சியோடுதான் வேலை பார்த்திருக்கிறேன். பிரவுசர் சில நேரம் காரணமில்லாமல் மூடிக்கொள்ளும், நான் பிரவுசரைத் திட்டுவேன். என்கோடிங் மட்டும் ஏன் அதை வெளியே இழுத்தது? ஹேண்ட்பிரேக்குக்குள் படத்தைச் சுருக்கும் எக்ஸ்264 என்கோடர் முன்னால் வரப்போகும் பல ஃபிரேம்களை எப்போதும் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே எழுதிய ஃபிரேம்களோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். நான்கு கோரும் அரை மணி நேரம் ஓய்வில்லாமல் ரேமைப் போட்டுப் புரட்டும். மற்ற வேலைகள் தொடாத மூலையையும் அது தொடும். கெட்ட குச்சியைக் கழற்றி, மிச்ச 4 ஜிபியில் ஓட்டினேன். இந்த அளவு படத்துக்கு அதுவே போதும். முதல் டிவிடி ஒரே மூச்சில் முடிந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விஎச்எஸ்ஸின் கொசு மொய்க்கும் இரைச்சல் கண்ணை உறுத்தியது. 'என்எல்மீன்ஸ்' என்ற இரைச்சல் நீக்கும் வடிகட்டியைப் போட்டுப் பார்த்தேன். பட்டுப்புடவை பளிச்சென்று வந்தது, வேகம்தான் நொடிக்கு 11 ஃபிரேமுக்கு விழுந்தது. விஷயம் தெரியாதவர் பார்த்தால் இதையும் ஹேங் என்றுதான் சொல்வார். ஒரு டிவிடிக்கு நான்கு மணி நேரம்; சிபியு நூறில் இருப்பதால் எனக்குக் கவலையில்லை. கறுப்பு ஜன்னலில் கட்டளை எழுதி ஓட்டும் ஹேண்ட்பிரேக் பதிப்பில், மூன்றையும் வரிசையாகச் செய்யும்படி ஒரு பேட்ச் கோப்பில் எழுதி, ராத்திரி 9 மணிக்கு ஓடவிட்டுப் படுத்தேன்.

காலையில் ஆறரைக்கு எழுந்து பார்த்தால், கறுப்பு ஜன்னலில் இரண்டாவது டிவிடி, 91.07 சதவீதம். பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். 91.07.

வயிறு கலங்கியது. மிச்சமிருந்த குச்சியும் போய்விட்டதா? டைரியை எடுத்தேன். மவுஸ் அசைகிறது. நம்லாக் விளக்கு மாறுகிறது. சிபியு 2 சதவீதம். அப்படியென்றால் எதற்கோ காத்திருக்கிறது. ஆனால் எதற்கு? ஐஎஸ்ஓ ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, எழுதுவதும் ஹார்ட் டிஸ்க்கில்தான், இடமும் தாராளம். ஜன்னலின் தலைப்பைப் பார்த்தேன். கோப்பின் பெயருக்கு முன்னால் 'செலக்ட்' என்று ஒரு வார்த்தை. கறுப்புத் திரையின் ஓரத்தில் ஒற்றை எழுத்து அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டம்.

விண்டோஸ் 10இன் அந்தக் கறுப்பு ஜன்னலில் 'குயிக் எடிட்' என்று ஒரு வசதி இருக்கிறது, கேட்காமலே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே எங்காவது ஒரு கிளிக் விழுந்தால், நீங்கள் எழுத்தைத் தேர்ந்தெடுக்கப்போவதாக நினைத்து, திரையில் புதிதாக எதையும் எழுதவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹேண்ட்பிரேக்கோ சதவீதத்தைத் திரையில் எழுதிக்கொண்டே போவது. எழுத விடாததால் அதுவும் நின்றுவிட்டது.

எண்டர் தட்டினேன். 91.08. 91.09. நான்கு கோரும் நூறுக்கு ஏறின.

சமையலறையில் அம்மா. "காலைல கம்ப்யூட்டரத் தொட்டியாம்மா?"

"நான் எதுக்கு அதத் தொடுறேன். மேசையத் தொடச்சேன்."

"மவுஸு?"

"அந்தக் கட்டையத் தூக்காம எப்படித் தொடைக்கிறதாம்?"

ஜன்னலின் தலைப்பில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஆப்ஷன்ஸ், குயிக் எடிட் மோட் என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். மறுவீடு மதியத்துக்குள் முடிந்தது. சாயங்காலம் அத்தான் வந்து பென் டிரைவை வாங்கிக்கொண்டு, "இதுக்கா மாப்ள ரெண்டு வாரம்?" என்றார்.